என் தலைக்கு வந்த பக்தி

முப்பத்து நான்காவது வயதில் எனக்குச் சின்னச் சின்னச் சடைகள் மேல் ஆசை வந்தது. தலை முழுக்க அறுபது எழுபது மெல்லிய சடைகள். ஒவ்வொன்றிலும் கடையில் வாங்கிய முடியைச் சேர்த்துப் பின்னி இடுப்பு வரை தொங்கவிட வேண்டும். என் சொந்த முடி தோளைத் தாண்டி நாலு விரற்கடை போனால் அதிகம். அலுவலக ஆண்டு விழாவில் எங்கள் குழு நடனம் ஆடப்போகிறது என்று செப்டம்பரில் ஒரு பேச்சு எழுந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். நடனம் கடைசியில் ரத்தாகிவிட்டது. சடை ரத்தாகவில்லை.

கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடியில், சின்னதாக ஒரு பார்லர். அதை நடத்துகிறவள் மிசோரத்திலிருந்து வந்த பெண். தமிழ் நன்றாகப் பேசுவாள். ஆறு மணி நேரம் நின்றுகொண்டே பின்னினாள். நடுநடுவே, "அக்கா, வலிச்சா சொல்லுங்க, லூஸ் பண்றேன்" என்றாள்.

"வேணாம்மா, இன்னும் கொஞ்சம் டைட்டாவே போடு. லூஸா இருந்தா பாக்க நல்லாருக்காது."

"ஆறு வாரத்துல எடுத்துடணும் அக்கா. இங்க வாங்க, நானே எடுத்துவிடறேன்."

தலையை ஆட்டினேன். ஆட்ட முடிந்த அளவுக்கு. நெற்றித் தோல் அப்படி மேலே இழுபட்டிருந்தது. இரண்டு நாள் என் புருவங்கள் இறங்கவே இல்லை. யார் என்ன சொன்னாலும் நான் ஆச்சரியப்படுவது போலவே இருந்தது.

அடுத்த தெருவில் இருக்கும் அம்மா வந்து பார்த்தாள். என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"இன்னாடி இது? தலைல கயிறு திரிச்சி வுட்டுக்கினு கீற?"

அலுவலகத்தில் எல்லோரும் அழகாக இருக்கிறது என்றார்கள். லிஃப்டில் முன்பின் தெரியாதவர்கள் கூடச் சொன்னார்கள். ஒரு மனிதப் பிறவிக்கு இது போதும். ஆறு வாரம் பத்து வாரமாயிற்று, அதற்கும் மேலே போயிற்று. தலை அரித்தது. சடைகளுக்கு நடுவே விரல் விட்டுச் சொறிய முடியாது, உள்ளங்கையால் தட்டத்தான் முடியும். ஒரு நாள் மீட்டிங்கில் மேலாளர் அடுத்த மூன்று மாத வேலைத் திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது அரிப்புத் தாங்காமல் தலையில் பட் பட்டென்று நாலு தட்டுத் தட்டினேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டு, "அவ்ளோ மோசமாவா இருக்கு?" என்று கேட்டார். வீட்டில் கணவரும் கேட்டார். அவர் தூத்துக்குடிக்காரர். "ஏன் எந்நேரமும் தலையில அடிச்சிக்கிடுத? என்னையக் கட்டுனதுக்கா?"

கிறிஸ்துமஸ் பூசைக்கு அந்தச் சடைகளோடு போனேன். கோவிலில் பெண்கள் வரிசை முழுவதும் குழந்தை இயேசுவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. எங்கள் தெருக்களின் ஜெபக்கூட்டங்களை நடத்துகிற அன்பியத் தலைவி, பங்கிலேயே பெரிய கொண்டைக்குச் சொந்தக்காரி, கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். அம்மா என்னோடு வராதவள் போல நாலு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

ஜனவரி முதல் வாரத்தில் முன்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. இத்தனை நாள் கழித்துப் பார்லருக்குப் போனால் அந்தப் பெண் திட்டுவாள் என்ற பயத்தில், வீட்டிலேயே பிரிப்பது என்று முடிவெடுத்தேன். ஒரு சனிக்கிழமை காலை கணவரைப் பின்னால் உட்கார வைத்து, வால் சீப்பைக் கையில் கொடுத்தேன். அவர் மீன்வலைச் சிக்கு எடுக்கிறவர் போல நிதானமாக ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒரு மணி நேரத்தில் பதினொரு சடை.

"கத்தரிக்கோலை எடுங்க. கீழ்ப்பாதிய வெட்டிட்டா சீக்கிரம் முடிஞ்சிரும்."

"ஒன் முடி எங்க முடியுதுன்னு தெரியலையே. அவசரப்படாதட்டி."

நானே வெட்டினேன். என் முடி எங்கே முடிகிறது என்பது வெட்டிய பிறகு தெரிந்தது. அதோடு விட்டேனா? மூன்றரை மாதம் தினமும் உதிர்ந்த முடியெல்லாம் கீழே விழ வழியில்லாமல் பின்னலுக்குள்ளேயே சிக்கியிருந்தது. அதைச் சீவி எடுத்துவிட்டுத்தான் குளிக்க வேண்டுமாம். அது தெரியாமல் நேரே போய் ஷாம்பு போட்டுத் தேய்த்தேன். தலை தேங்காய் நார் மாதிரித் திரண்டுகொண்டது. மாலை வரைக்கும் இருவரும் சிக்கெடுத்தோம். பேக்கரி பன் அளவுக்கு ஒரு முடி உருண்டை வந்தது. முதலில் அதைப் பார்த்துச் சிரித்தோம். பிறகு நான் கண்ணாடியைப் பார்த்தேன். இரண்டு நெற்றிப்பொட்டும் வழித்துவிட்டது போல மினுமினுத்தன. வகிடு பைபாஸ் ரோடு மாதிரி அகலமாகிக் கிடந்தது. மிச்சமிருந்த முடி ஒன்று தோள் வரை, ஒன்று காது வரை.

கணவர் ரொம்ப நேரம் யோசித்துச் சொன்னார்: "முன்னால கொஞ்சம் வெளிச்சமா இருக்கு."

அழுதேன். முப்பத்து நாலு வயதில் முடிக்காக அழுவது வெட்கமாக இருந்ததால் அதற்கும் சேர்த்து அழுதேன்.

பாடியில் இருக்கும் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். லென்ஸ் வைத்து என் நெற்றிப்பொட்டைப் பார்த்துவிட்டு, "வேர் சாகல. இழுத்து இழுத்து ஓஞ்சு போயிருக்கு, அவ்ளோதான்" என்றார். தடவ ஒரு மருந்து எழுதினார். இறுக்கிக் கட்டக் கூடாது, சூடு காட்டக் கூடாது, உடைந்த நுனிகளை வெட்டிவிட வேண்டும்.

"வேற என்ன செய்யணும் டாக்டர்?"

"சும்மா விடணும். நம்ம ஊர்ல அதான் யாராலயும் முடியல."

கரையான்சாவடிக்குப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு, ஆண்பிள்ளை கிராப்பு போலக் கட்டையாக வெட்டிக்கொண்டு வந்தேன். ஆனால் சும்மா விட முடிந்ததா? நாலாம் நாளே இணையத்தில் பார்த்து வெங்காயச் சாறு தடவினேன். காலையில் நன்றாக அலசிவிட்டுத்தான், அலுவலகம் இருக்கும் எஸ்டேட் பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். இரண்டு நிறுத்தம் போனதும் டிரைவர் கண்ணாடியில் எல்லோரையும் பார்த்தார்.

"யாருப்பா வெங்காய மூட்டை ஏத்திக்கினு வந்தது? எறங்கசொல்ல மறக்காம எடுத்துக்கினு போங்க."

எல்லோரும் காலுக்குக் கீழே தேடினார்கள். நானும் குனிந்து தேடினேன். அன்றோடு வெங்காயம் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசைக்குப் போகாமல் இருந்தால் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள், போனால் ஊரே பார்க்கும். வெள்ளைத் துப்பட்டாவை எடுத்துப் புருவம் வரை இழுத்து, காதோரம் ஊசி குத்தி முக்காடு போட்டேன். காற்றடித்தாலும் விலகாது. கோவிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, யார் கண்ணிலும் படாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

போன மாதம் எழுபது சடையோடு வந்தவள் இன்று முக்காடு போட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பூசை முடிந்ததும் அன்பியத் தலைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஆண்டவர் உன்னைத் தொட்டுட்டார்மா. மொகத்துலயே தெரியுது."

எங்கே தொட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் அம்மா முகத்தைப் பார்த்தேன். என் திருமணத்தன்று கூட அவள் இவ்வளவு பெருமையாக நின்றதில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரம் பூசையில் என்னை முதல் வாசகம் வாசிக்கச் சொன்னார்கள். அதற்கடுத்த வாரம் எங்கள் தெருவில் ஜெபமாலை. பிறகு தவக்காலம் பிறந்தது, வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப் பாதை. எல்லாவற்றுக்கும் முக்காடோடு போனேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அது எனக்குப் பிடித்துப்போயிற்று. எந்த வீட்டில் ஜெபம் நடந்தாலும் சுண்டல் முதலில் எனக்குத்தான். ஞாயிறு மதியம் அம்மா வீட்டில் சிக்கனின் கால் துண்டு தம்பிக்குப் போகாமல் என் தட்டுக்கு வந்தது. முப்பது வருடமாக நடக்காதது. கண்ணை மூடிக்கொண்டு நான் அரிப்பை அடக்கினால் கூட, பக்கத்திலிருப்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

தவக்காலத்தின் நான்காவது வாரம் ஜெபக்கூட்டத்தில் அன்பியத் தலைவி முன்னறிவிப்பில்லாமல் என்னை எழுப்பிவிட்டார். "நம்ம பொண்ணு எப்படி மனம் மாறுச்சுன்னு சாட்சி சொல்லும்."

ஐம்பது பேர். முன்வரிசையில் அம்மா, ஆண்கள் பக்கம் என் கணவர். கோவில் வளாகத்தில் நின்று பொய் சொல்ல பயமாக இருந்தது. உண்மையைச் சொல்ல அதைவிடப் பயமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"எனக்குச் சொந்தமில்லாத ஒண்ணு மேல ஆசைப்பட்டேன். அது என்னை அழகாக்கும்னு நம்புனேன். எல்லாரும் புகழ்ந்தாங்க. அது என்னை இறுக்குச்சு, ஆனா நான்தான் இன்னும் இறுக்கமா வேணும்னு கேட்டேன். ஆறு வாரத்துல விட்டுடுன்னு ஒரு நல்ல மனசு எச்சரிச்சுது. கேக்கல. மூணரை மாசம் வலியோட சிரிச்சிக்கிட்டிருந்தேன். விட்டப்போ, எனக்குன்னு இருந்ததுலயும் பாதி போயிடுச்சு. கண்ணாடியப் பாக்கவே கூசுனேன். அப்பதான் ஒருத்தங்க, வேர் இன்னும் சாகலன்னு சொன்னாங்க. இப்ப கொஞ்சம் கொஞ்சமா துளிர்க்குது. எனக்காக வேண்டிக்கங்க."

ஒரு வார்த்தை கூடப் பொய்யில்லை. பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். தவக்காலத்தில் அல்லேலூயா சொல்லக் கூடாது என்பதையே மறந்து பின்வரிசையில் ஒருவர் அல்லேலூயா என்றார். ஆண்கள் பக்கம் என் கணவர் குனிந்திருந்தார், தோள்கள் குலுங்கின. அவர் அழுகிறார் என்று பக்கத்திலிருந்தவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். வெளியே வந்ததும் ஒரு பெரியவர் அவர் கையைப் பிடித்து, "உங்க பொறுமை யாருக்கு வரும் தம்பி? இந்தக் காலத்துல பொம்பளைங்க குடியை விடறது சாதாரண விஷயமா?" என்றார்.

நான் திகைத்து நின்றபோது அன்பியத் தலைவி என்னை மெழுகுவர்த்தி வைக்கும் அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"எந்த பார்லர்?"

அவர் தன் கொண்டைக்குப் பின்னால் கையை விட்டு இரண்டு ஊசிகளை உருவினார். கொண்டை மொத்தமாகக் கையோடு வந்தது. உள்ளே பாதி சவுரி. அவருடைய சொந்த முடி எலுமிச்சம்பழ அளவு.

"கல்யாணத்துலேர்ந்து இத்தத் தூக்கி வச்சிக்கினு கீறேன். இழுத்து இழுத்து முன்னாடியெல்லாம் பூடுச்சு. நீ ஆறு வாரம்னு சொன்னதுமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு." சவுரியைத் திரும்பச் செருகிக்கொண்டே கேட்டார்: "குடின்னு பேசறாங்களே, உங்கம்மா ஏன் சும்மா கீறா? அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

நேராக அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா அடுப்பில் ரசம் வைத்திருந்தாள். முக்காட்டைக் கழற்றினேன். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, கொத்துமல்லியைக் கிள்ளிப் போட்டாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"மாப்ள அன்னைக்கே போன் பண்ணிட்டாரு. நீ அழுவுறன்னு."

"அப்புறம் ஏம்மா ஒண்ணுமே கேக்கல? முடி வளரணும்னு வேண்டிக்கவாவது செஞ்சியா?"

"வேண்டிக்கினேன். மெதுவா வளரட்டும்னு." தீயைக் குறைத்தாள். "வளந்துட்டா நீ எங்க கோயிலுக்கு வரப்போற?"

எனக்குக் கோபம் வந்தது. அது சிரிப்பாக மாறுவதற்குள் அவள் கிட்டே வந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, என் நெற்றிப்பொட்டில் அரை அங்குலத்துக்கு நின்ற பூனைமுடியை ஒரு விரலால் தடவிப் பார்த்தாள். அப்படி அவள் என் தலையைத் தொட்டுப் பல வருடங்கள் ஆகியிருக்கும். "வந்துடும்டி" என்றாள். ரசம் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு உடனே திரும்பிக்கொண்டாள்.

குருத்து ஞாயிறு அன்று காலை ஓலைகளைப் பிடித்துக்கொண்டு பவனியாகத் தெருவில் போனோம். எனக்குப் பின்னால் வந்தவருடைய ஓலை நுனி என் துப்பட்டாவில் மாட்டியது. அவர் ஓலையை உயர்த்தி ஓசன்னா என்று பாடவும், என் முக்காடு ஊசியோடு கழன்று மேலே போயிற்று. தலையில் வெயில் பட்டது. கட்டைக் கிராப்பும், முன்னால் கோழிக்குஞ்சு போல நட்டுக்கொண்டு நின்ற புது முடியுமாக நடுத்தெருவில் நின்றேன். பாட்டு ஒரு வரி தவறியது. மூன்று மாதமாகச் சேர்த்த மரியாதையெல்லாம் இதோடு போயிற்று என்று நினைத்தேன்.

என் கணவரின் கையைப் பிடித்துப் பாராட்டிய அதே பெரியவர் அருகில் வந்தார். என் தலையைப் பார்த்தார். கண் கலங்கியது.

"வேளாங்கண்ணி மாதாவுக்கு முடி குடுத்துட்டியாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். அன்பியத் தலைவி வானத்தைப் பார்த்தார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஓலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, விட்ட வரியிலிருந்து சத்தமாகப் பாட ஆரம்பித்தேன்.