வஞ்சிரத்துக்காக விட்டுவைத்தது

பெரிய மார்க்கெட்டில் இருபத்தெட்டு வருஷமாக மீன் விற்கிறேன். வாய் கொஞ்சம் நீளம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கை சுத்தம். அதனால்தான் அன்று மதாம் கேட்டது என்னைச் சுட்டது.

மதாம் என் பழைய வாடிக்கை, பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற அம்மா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே என்னிடம்தான் வருவார். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் எதையும் வாங்க மாட்டார். அன்று வஞ்சிரம் கேட்டார். நான் பாறை மீனைத் தூக்கி, "இந்தாங்க மதாம், வஞ்சிரம்" என்றேன். தெரியாதவர்கள் தலையில் விலை குறைந்த பாறையை அப்படிக் கட்டுகிறவர்கள் உண்டு.

"எனக்குக் கண்ணு தெரியலன்னு நெனச்சியா? நீயுமா இப்பிடி?" என்றார்.

நான் விடவில்லை. வஞ்சிரம்தான் என்று கத்தினேன். மதாம் பையை உதறிக்கொண்டு போய்விட்டார். பக்கத்து இடத்துக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பாறைதான். வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டில் மூச்சு விடவில்லை.

மூன்றாம் நாள் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்திருந்தேன். வலது கை தானாக வெட்டி வெட்டி இழுத்தது. அப்புறம் எனக்கு நினைவில்லை. சிரித்தவள்தான் என்னை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாளாம். மூளையில் இடது பக்கம் எலுமிச்சை அளவுக்குக் கட்டி, பேச்சு வருகிற இடத்தை ஒட்டி இருக்கிறது, சீக்கிரம் எடுக்கணும் என்றார் டாக்டர். பெயர்கள் மாறி வருவதும் அதனால்தானாம்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். "பாத்தியா, நான் யாரையும் ஏமாத்தல" என்று, மதாம் கோபித்துப் போன கதையை அப்போதுதான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அழுதார். பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. பேச்சு போனால் மார்க்கெட்டில் உட்கார்ந்து நான் என்ன செய்வேன்?

ஆபரேஷன் நடுவில் என்னை எழுப்பிப் படம் காட்டுவார்களாம். நான் பெயர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். டாக்டர் மின்சாரக் குச்சியால் மூளையைத் தொடும்போது எங்கே பேச்சு நிற்கிறதோ அங்கே கத்தி வைக்க மாட்டார்கள். ஒத்திகைக்கு ஒரு பெண் அட்டைகளோடு வந்தாள். குடை, கடிகாரம், மீன்.

"இது என்னா மீனு?" என்றேன்.

"மீன்னு சொன்னா போதும்மா."

"எப்பிடிப் போதும்? இந்த வாலு எந்த மீனுக்கும் கெடையாது."

டாக்டர் காதுக்கு அது போயிற்று. உங்கள் மீன்களையே படமெடுத்துக் கொண்டுவாருங்கள் என்றுவிட்டார். மறுநாள் வைத்திக்குப்பத்தில் படகுகள் கரையேறியதும், மீன்களை ஒவ்வொன்றாக மணலில் கிடத்தி வீட்டுக்காரர் செல்போனில் படம் எடுத்தார். கடலுக்குப் போகிற ஆள், படமெடுத்துப் பழக்கமில்லை. பாதிப் படங்களில் அவர் கட்டைவிரலும் இருந்தது.

ஆபரேஷனில் தலையை அசையாமல் பிடித்து வைத்திருந்தார்கள். வலி இல்லை. சங்கரா, நெத்திலி, கெழுத்தி, காரப்பொடி என்று சொல்லச் சொல்லத் தெம்பு வந்தது. குழம்புக்கு எது நல்லது என்று நர்ஸ் கேட்டதற்கும் பதில் சொன்னேன். அப்போது வஞ்சிரம் வந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. எத்தனை துண்டு விழும் என்றுகூடத் தெரிந்தது. பெயர் மட்டும் வரவில்லை. வாயைத் திறந்தால் வெறும் காற்று. டாக்டர் தொட்ட இடத்தை விட்டதும் பெயர் வந்தது. திரும்பத் தொட்டார், போயிற்று. "இங்க வேணாம், விட்டுடலாம்" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

கட்டியில் கொஞ்சம் அங்கேயே இருக்கிறது. அதை ஸ்கேனில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், மாத்திரையும் நிற்காது. "முழுசா எடுக்கலன்னு தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்றார் டாக்டர். "இதத்தான் சார் நானும் கேட்டிருப்பேன்" என்றேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு மரத்துக் கிடந்த வலது கை பழையபடி திரும்ப நாலு மாதம் ஆனது. வீட்டில் நெத்திலி கிள்ளிக் கிள்ளியே விரல்களைப் பழக்கினேன். ஒட்ட வெட்டிய முடியோடு, தையல் தழும்பு தெரிய, மார்க்கெட்டுக்குப் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். மறைக்க எனக்கு என்ன இருக்கிறது?

அந்த ஞாயிறு மதாம் வந்தார். பக்கத்து இடத்துக்காரி முன்பே எல்லாம் சொல்லியிருந்தாள். குனிந்து என் தலைத் தழும்பைப் பார்த்தார்.

"வஞ்சிரம் இருக்கா?" என்றார்.

மீனை இரண்டு கையாலும் தூக்கி, மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அதன் பெயரைச் சொன்னேன்.

மதாம் செவுளைத் தூக்கிப் பார்க்கவில்லை. பையை விரித்துப் பிடித்தார்.