ஐந்து தீவுகளுக்கும் என் முகம்

பிரேசர் டவுன் பக்கம் ஒரு கண்காட்சிக் கூடத்தில் நான் பியூனாக இருந்தேன். தரை துடைப்பதும் கேட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும் வேலை. பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பொருந்தியது. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எல்லோரும் எல்லோருக்கும் எதையாவது கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த காலம். சரித்திரத்துக்கு முந்தைய தீவு மனிதர்கள் படகில் போய்வந்து எப்படி ஒரே ஜனமானார்கள் என்று காட்ட எங்கள் மேலதிகாரி முடிவு செய்தார். கடலே இல்லாத பெங்களூருக்கு அது அவசரமாகத் தேவைப்பட்டது.

பொம்மை செய்ய வந்த சிற்பி, மாதிரிக்கு ஓர் ஆள் கேட்டார். என்னை நிறுத்தினார்கள். மறுப்பதென்றால் வாயைத் திறக்க வேண்டுமே.

"அசையாதப்பா," என்று முகத்தில் பிளாஸ்டரை அப்பினார் சிற்பி. "இன்னா அழகா கம்முனுகீற. கல்லு கூட உன்ன மாதிரி இருக்காது."

தீவுக்கு ஒரு முகம் என்றுதான் பேச்சு. இன்னொரு அச்சு எடுக்க சிற்பிக்குச் சோம்பல். ஐந்து தீவு, இடுப்பில் இலை மட்டும் கட்டிய ஐந்து ஆள், ஒரே முகம். முதலில் திகைத்த மேலதிகாரி, படித்தவர் அல்லவா, சமாளித்துக்கொண்டார். "பண்டமாற்று, கல்யாண சம்பந்தம், இதனால் ஒரே சாயலுக்கு வந்துவிட்டார்கள்," என்று வந்தவர்களுக்கு விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். சங்கு வளையலும் கறுப்புக் கல்லும் தீவு தீவாகப் போக எத்தனை தலைமுறை ஆனதோ, என் மூக்கு ஒரே வாரத்தில் ஐந்து தீவுக்கும் போய்விட்டது.

அப்போதுதான் எனக்கு மூன்றாவது வரன் வந்திருந்தது. முதல் இரண்டும் நான் தலை நிமிராததால் கலைந்தவை. இதுவும் போனால் இனி எங்கும் போய்க் கேட்கமாட்டேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். பெண்ணின் அப்பா லிங்கராஜபுரத்தில் தையல்கடைக்காரர். என் உத்தியோகம் நிஜம்தானா என்று பார்க்க, கண்காட்சி சாக்கில் மகளோடு வந்துவிட்டார்.

ஒவ்வொரு தீவாகப் பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார்.

"இன்னாப்பா, அஞ்சு பேருக்கும் சேத்து அரை கஜம் துணி கூட தரலியா உங்க ஆபீசுல?"

நான் தரையைப் பார்த்தேன். நன்றாகத்தான் துடைத்திருந்தேன்.

"கடலு தாண்டிப் போயி பொண்ணு கட்டினாங்களாம். இவுரு லிங்கராஜபுரம் வந்து ஒரு வார்த்த பேசமாட்டாரு."

கலைந்தது என்றே நினைத்தேன். அப்போது பெண் தன் அப்பாவிடம், எனக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"நைனா, நாலாவது தீவு ஆளு பரவால்ல. மீனாவது புடிச்சினு வந்துகீறாரு."

அவர் சிரித்துவிட்டார். என் தோளைக் கண்ணாலேயே அளந்தார்.

"பொம்மைய விட ஆளு ஸ்வல்ப எளப்புதான். கல்யாண சட்ட நானே தெச்சிடறேன். சம்மதமாப்பா?"

நான் தலையாட்டினேன். அங்கே நின்ற மற்ற ஐந்து பேரால் முடியாத காரியம் அது.