ஆடியில் இடித்த படிகள்

அன்றைக்கு இருந்தவர்கள். நான். என் வீட்டுக்காரி. ஆட்டோ ஓட்டும் மாப்ள. முறைக்கு மாப்ள இல்லை, கூப்பிடுவது அப்படி. இட்லி மாவு விற்கும் அக்கா. கடைசி வீட்டு அண்ணன். அவர் சம்சாரம், எனக்கு மதினி. எதிர்வரிசைக்காரர்கள் பிறகு வந்தார்கள்.

எங்கள் சந்து ஆனையூரில் இருக்கிறது. அகலம் பத்து அடி. இரண்டு பக்கமும் ஆறு ஆறு வீடு. முட்டில் அண்ணன் வீடு. அதற்கு மேல் வழி இல்லை.

நான் கொத்தனார். சந்தில் உள்ள வாசல்படி எல்லாம் நான் கட்டியது. ரோடு போடும்போதெல்லாம் பழைய ரோட்டின் மேலேயே போட்டார்கள். மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. ஆளாளுக்கு வீட்டை உயர்த்தினார்கள். வீடு உயர்ந்தால் படி வெளியே வரும். ஒரு வீட்டுக்கு இரண்டு அடி இழுத்தால் அடுத்த வீட்டில் மூன்று அடி கேட்டார்கள். இழுத்தேன். என் வீட்டுக்கும் மூன்று அடி இழுத்தேன். நடுவில் நாலு அடி மிஞ்சியது. ஆட்டோ நுழையாது. அப்போது யாரும் அதை யோசிக்கவில்லை. நானும்தான்.

அண்ணனுக்குக் கிட்னி போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். கால் வீங்கியிருக்கும். சந்து முனை வரை நடந்தால் மூச்சு வாங்கும். பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்து நானும் மாப்ளையும் தூக்கிப் போவோம். ஆட்டோ முனையில் நிற்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை சேரின் கால் ஒடிந்தது. அண்ணன் சந்து நடுவில் விழுந்தார். அடி பெரிதாக இல்லை. சந்து முழுக்கப் பார்த்துவிட்டது. அதுதான் அவருக்கு அடி. ஆஸ்பத்திரி போய்த் திரும்பியதும் சொன்னார்:

"வியாழக்கிழமை நான் போகலடா. என்னையத் தூக்குறது கடைசியில ஒரு தடவை போதும்."

மதினி சிரிக்கவில்லை. எங்களைப் பார்த்தாள். போகாவிட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். கையில் இருந்தது புதன்கிழமை ஒரு நாள்.

ஆடி மாசம். எனக்கு வேலை கிடையாது. ஆடியில் யாரும் கட்ட மாட்டார்கள். புதன்கிழமை காலையில் சம்மட்டியை எடுத்து என் வீட்டுப் படியில் போட்டேன்.

மாவு அக்கா ஓடிவந்தாள்.

"ஏப்பா, கிறுக்கா பிடிச்சிருக்கு? ஆடி மாசத்துல எவனாச்சும் வீட்டு வேலை பாப்பானா?"

"கட்டத்தான் கூடாது. இடிக்கலாம்."

"எவன் சொன்னது?"

"கொத்தனார் நான் சொல்றேன்."

விஷயத்தைச் சொன்னேன். ஒரு வரிசையை இடித்தால் போதும், ஆட்டோ வரும். அடுத்த படி அவளுடையது.

"எதுத்த வரிசைய இடிக்க வேண்டியதுதான?"

"என் வீடு இந்த வரிசை."

அவள் படியின் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசிப் பொட்டு வைக்கிற படி, தொட்டால் வீட்டுக்கு ஆகாது என்றாள். என் வீட்டுக்காரி சொன்னாள்.

"அக்கா, நிலைப்படி உள்ள இருக்கு. அதுதான் லச்சுமி. இது இவரு போட்ட மூணு மூடை சிமெண்டு. இதுக்கா இம்புட்டு நாளும் பொட்டு வச்சீக?"

மாவு அக்கா என்னைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள். முட்டில் மதினி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளையும் பார்த்தாள்.

"பொட்டு வச்சது வச்சதுதான். இரு."

உள்ளே போய் எலுமிச்சம்பழமும் சூடமும் கொண்டுவந்தாள். சூடம் காட்டினாள். பழத்தை அறுத்துக் குங்குமம் தடவிப் படியின் இரண்டு பக்கமும் வைத்தாள். கும்பிட்டாள்.

"ம். போடு."

மாப்ள அடித்தான். சம்மட்டி எகிறியது. மறுபடி அடித்தான். சில்லுகூடப் பெயரவில்லை.

"ஏண்ணே, எம்புட்டுண்ணே கலவை போட்டீக? கோட்டையா கட்டுனீக?"

"நல்லாப் போடச் சொன்னாங்க."

"எங்க வீட்டுச் செவுத்துல மட்டும் ஆணி அடிச்சாப் பொலபொலன்னு கொட்டுது!"

"அது நான் கட்டல. உன் மாமனார் கட்டுனது."

சிரிப்பில் அவனுக்குச் சம்மட்டி தூக்க முடியவில்லை. என் வேலை கெட்டியாக இருந்ததற்கு அன்றைக்குத்தான் வருத்தப்பட்டேன்.

சத்தம் கேட்டு எதிர்வரிசைக்காரர்கள் வந்தார்கள். தங்கள் படி தப்பித்தது என்று தெரிந்ததும் கடப்பாரை கொண்டுவந்தார்கள். டீ வந்தது, வடை வந்தது. எங்கள் வரிசையில் மற்ற நாலு வீட்டுக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். எலுமிச்சம்பழம் மட்டும் கேட்டார்கள். மாவு அக்கா வீட்டுக்கு வீடு போய்ச் சூடம் காட்டினாள். சாயங்காலத்துக்குள் ஆறும் போனது. பெயர்ந்த கல்லை முனையில் இருந்த பள்ளத்தில் கொட்டி மிதித்தோம்.

வீட்டுக்குள் ஏற வழி இல்லை. பால் டிரேயைக் கவிழ்த்துப் போட்டு ஏறினோம். மாவு வாங்க வந்தவர்களுக்கு அக்கா மேலே நின்று குனிந்து கொடுத்தாள். "மாடியில கடை போட்டிருக்கேன்" என்றாள். ஆவணியில் ஆறு வீட்டுக்கும் படியைச் சுவருக்கு உள்ளே தள்ளிக் கட்டிக் கொடுத்தேன். அது பிறகு.

வியாழக்கிழமை காலை மாப்ள ஆட்டோவை ரிவர்ஸிலேயே சந்துக்குள் விட்டான். வாகாகத் திரும்பவில்லை. எல்லோரும் ஆளுக்கு ஒன்று கத்தினார்கள். அண்ணன் கதவைத் திறந்து நிலைப்படியில் வந்து நின்றார். சிம்மக்கல் பக்கம் ஓடும் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். கையை உயர்த்தினார்.

"எல்லாரும் பேசாம இருங்க. வா, வா... லெஃப்ட்ல ஒடி... வரட்டும், வரட்டும்... ஹோல்டேன்!"

ஆட்டோ நின்றது. கண்ணாடிகூட உரசவில்லை. சந்தே கைதட்டியது.

"டிக்கெட் எடுக்கணுமாண்ணே?" என்றான் மாப்ள.

"சில்லறை இல்லாட்டி எறங்கு."

மதினி அப்போதுதான் சிரித்தாள். பையை எடுத்துக்கொண்டாள். நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று அண்ணன் தலையை ஆட்டினார். நிலைப்படியில் இருந்து ஆட்டோவுக்குத் தானே நடந்தார். காலடியை எண்ணினேன்.

ஒன்பது அடி.