காயாத கைப்பிடி

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் என் மாமாவிடம் போய்க் கை குலுக்கிப் பாருங்கள். மனிதர் கையை நீட்டவே மாட்டார். சோறுகூட ஸ்பூனில்தான். ஏன் என்று சொல்கிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் தட்டை ஓரமாக வைத்துவிடுங்கள்.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். அவரிடம் ஒரு கறுப்பு மோட்டார் சைக்கிள் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே வந்தது. விடுமுறை நாள் முழுக்க அதைத் துடைத்துக்கொண்டிருப்பார். அக்கா அதைச் 'சக்களத்தி' என்றுதான் சொல்வாள். வெள்ளம் வந்தபோது தெருவில் கழுத்தளவு தண்ணீர். வாசலில் நின்ற சக்களத்தியை அடித்துக்கொண்டு போய்விட்டது. அக்கா பெரிதாக அழவில்லை.

தண்ணீர் வடிந்ததும் மாமா ஊரெல்லாம் சல்லடை போட்டுத் தேடினார். கடைசியில் வாய்க்கால் பாலத்தடியில், சேற்றில் புதைந்து, ஹேண்டில்பார் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நம்பர் பிளேட் இல்லை. ஆனால் அதே கறுப்பு, அதே மாடல். சாவியைப் போட்டார், திரும்பியது. "வந்துட்டா பாருடா" என்று கண் கலங்கினார். நானும் அவரும் கயிறு கட்டி இழுத்து, தள்ளுவண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

பெட்ரோல் டேங்கில் நசுங்கியிருந்த பழைய பள்ளத்தைக் காணோம்.

"வெள்ளம் டிங்கரிங் வேலையும் பாத்திருக்கு போல. எதுக்கும் சேஸிஸ் நம்பரத் தேய்ச்சுப் பாருங்க மாமா" என்றேன்.

"உங்கக்காவ அடையாளம் பாக்க நான் என்ன அடையாள அட்டையா கேக்கறேன்? போடா."

ஆசை கண்ணை மறைக்கும் என்பார்கள். மாமாவுக்கு மூக்கையும் சேர்த்து மறைத்துவிட்டது. சேற்று நாற்றம் எனக்குத் தெரியும். இது வேறு. லேசாகத் தித்திக்கிற நாற்றம். முன்கூடத்தில் வண்டி நின்ற நாள்முதல் அக்கா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

இஞ்சின் ஆயிலைத் திறந்தால் பால் டீ நிறத்தில் கொழகொழவென்று கொட்டியது. ஏர் ஃபில்டருக்குள் பூரான்கள், ஊறி வெளுத்துப்போய். சைலன்சரைக் கவிழ்த்துத் தட்டினால் சேற்றோடு ஒரு தவளை, பலூனாக ஊதி. டேங்கைக் காலி செய்ய டியூபை வாயில் வைத்து உறிஞ்சினார். வண்டி வேலையில் எல்லோரும் செய்வதுதான். பெட்ரோல் வரவில்லை. சளி மாதிரி ஏதோ நாக்கில் ஏறியது. அவர் துப்பினார், கொப்பளித்தார், உப்பைப் போட்டுத் தேய்த்தார். அந்தச் சுவை போகவில்லை. அதோடே சாப்பிடப் பழகிவிட்டார். அவ்வளவு பித்து.

பேரிங், செயின், வயரிங், பெயிண்ட் எல்லாம் புதிது. வலது கைப்பிடி மட்டும் சரியாகவில்லை. ரப்பரை மாற்றினார். மறுநாள் காலை, புது ரப்பர் மேல் வழுவழுவென்று ஒரு படலம். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். மறுநாளும் அதே. விரல் விரலாகப் பதிந்திருந்தது.

"கையக் கழுவிட்டு வண்டியத் தொட்டா என்ன?" என்று அக்கா கத்தினாள்.

"நான் தொடவே இல்லடி."

இன்னொன்று. ராத்திரி நேராக நிறுத்திய முன்சக்கரம் காலையில் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். எப்போதும் ஒரே பக்கம். வாய்க்கால் இருக்கும் பக்கம்.

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஒண்ணு இந்த நாத்தம் இந்த வீட்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"ஒரே ஒரு ரவுண்டு என்னோட வா. ஒழுங்கா ஓடலன்னா நாளைக்கே பழைய இரும்புக்குப் போட்டுடறேன்" என்றார் மாமா.

மாலை ஆறே முக்கால். மழை இருட்டு. மாமா ஒரே உதைதான் உதைத்தார்.

டுப்... டுப்... டுப்...

அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அக்கா பின்னால் ஏறி, மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

தெருமுனை வரை ஒன்றுமில்லை.

அங்கே ஆக்சிலேட்டரை இறுக்கிப் பிடித்தார். மெத்தென்று இருந்தது. சில்லென்று இருந்தது.

ரப்பர் இல்லை அது.

அவர் கைக்குக் கீழே... இன்னொரு கை.

அவர் முறுக்கவில்லை. அது முறுக்கியது.

"எதுக்கு இந்தப் பக்கம் போறீங்க?"

"நான் ஓட்டலடி..."

பாலம்.

வண்டி தானாக நின்றது.

கையை உருவினார். வரவில்லை.

இழுத்தார்.

ப்ளக்...

வண்டியை அங்கேயே போட்டுவிட்டு இருவரும் ஓடிவந்தார்கள். வீட்டு விளக்கில் பார்த்தால், மாமாவின் உள்ளங்கையில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசு. ஓரத்தில் ஒரு நகம். மாமா வாளியைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தார், நிறுத்தவே இல்லை. அக்காதான் கண்ணை மூடிக்கொண்டு அதைச் செய்தித்தாளால் பிய்த்தெடுத்தாள். சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

மறுநாள் காலை மூவரும் பாலத்துக்குப் போனோம். வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து, அதன் சைடு ஸ்டாண்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இது என் தம்பி வண்டி. இந்த வெல்டிங் வைக்கும்போது நானும் கூட இருந்தேன்."

மாமா குனிந்து சேஸிஸ் நம்பரைத் தேய்த்துப் பார்த்தார். அவருடைய நம்பர் இல்லை. தேய்ந்துபோன பூட்டு எந்தச் சாவிக்கும் திரும்பியிருக்கிறது.

"வண்டி கெடக்கற எடத்துலதான் ஆளும் இருப்பான், மொதல்ல வண்டியத் தேடுங்கன்னு தீயணைப்புக்காரங்க சொன்னாங்க. வெள்ளம் வடிஞ்சதுலேர்ந்து தேடறோம். இங்கயும் ரெண்டு தடவ வந்து பாத்தோம், ஒண்ணும் இல்ல. இது எங்கங்க இருந்துச்சு?"

மாமா கையை நீட்டிக் காட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கையை அவர் யாருக்கும் நீட்டியதில்லை.

தீயணைப்புக்காரர்கள் வந்து தோண்டினார்கள். முழங்கால் ஆழத்திலேயே இருந்தான். நாங்கள் கயிறு கட்டி இழுத்தபோது அவன் மேல்தான் நின்றிருக்கிறோம். அடையாளத்துக்கு இருந்த ஒரே வண்டியையும் நாங்கள் எடுத்துப்போய்ப் பெயிண்ட் அடித்துவிட்டோம்.

சேறு அவன் உடம்பை அப்படியே வைத்திருந்தது. வலது கையில் மட்டும் தோல் இல்லை. உறையைக் கழற்றியது போல் இருந்தது.

"முழுசா அனுப்பணும் அவன" என்று அந்தப் பெண் இருட்டும்வரை சேற்றில் கையை விட்டு அதைத் தேடினாள்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எங்கள் தெருக் குப்பை வண்டி காலையிலேயே வந்து போய்விட்டிருந்தது.