சன்னலில் ஓடிய நூல்

பேரனின் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே மருமகளும் படுத்திருந்தாள். தூக்கத்திலும் அவன் அவள் முந்தானையை விடவில்லை. அந்தப் பிடியைப் பார்த்ததும் என் தம்பி நினைவுக்கு வந்துவிட்டான்.

எனக்கு அப்போது எட்டு வயது. காய்ச்சல் கண்ட தம்பியை ராசிபுரத்திலிருந்து வண்டி கட்டிச் சேலத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். வார்டுக்குள் பெற்றவர்களை விடமாட்டார்கள். தறியில் அறுந்த இழையை முடிய அம்மா இடுப்பில் எப்போதும் நூல்கண்டு செருகியிருப்பாள். வார்டு ஆயாவிடம் கெஞ்சி, அதன் நுனியைச் சன்னல் வழியாகத் தம்பியின் விரலில் கட்டச் செய்தாள். வெளியே வேப்பமரத்தடியில் கண்டோடு உட்கார்ந்துகொண்டாள். அவன் இழுப்பான், அவள் பதிலுக்கு இழுப்பாள்.

நாலாம் நாள் காலையில் நூல் வேகமாக ஆடியது. "பையனுக்குத் தெம்பு வந்திருச்சு சாமி" என்று அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆயா வெளியே வந்தாள். "ஏனுங்கம்மா, பையன் விடியறப்பவே போயிட்டானுங்க."

அவன் விரலிலிருந்து அவிழ்த்த நூலைப் பக்கத்துக் கட்டில் குழந்தை எடுத்து வைத்து இழுத்திருக்கிறது. அப்பா தம்பியைத் துணியில் சுற்றி வாங்கி வந்தபோது அந்தக் குழந்தை மறுபடி இழுத்தது. அம்மா அழுதுகொண்டே பதிலுக்கு ஒருமுறை இழுத்தாள்.

மருந்து வாங்கப் போவதற்காக மருமகள் முந்தானையை மெல்ல உருவப் பார்த்தாள்.

"உருவாத சாமி. நீ படு, நான் போயி வாங்கியாரேன்" என்றேன்.