அங்கம்மா வீட்டில் வைத்த மூட்டை

லாபிஸ் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அங்கம்மாவைத் தெரியாதவர்கள் இல்லை. குட்டை உருவம், ஓட்டமும் நடையுமான போக்கு. பால்மரம் வெட்டுவதில் ஆண்களுக்குச் சமமாகக் கூலி கேட்டு ஆபீஸ் வாசலில் சண்டை போட்டவள். அவளைப் பற்றிக் கேட்டால் லயத்தில் பத்துப் பேர் பத்து நல்ல கதை சொல்வார்கள். என்னிடம் இருப்பது ஒரே கதை. அது எனக்கு நல்ல பெயர் வாங்கித் தராது.

என் பெயர் உலகப்பன். சொந்த ஊர் தேவகோட்டை. 1940இல், பதினேழு வயதில், இங்கிலீஷ் படிப்புக்காக மலாயாவில் ஜொகூர் பாருவுக்கு வந்தேன். மறு வருஷம் நவம்பரில் என்னைப் பெற்ற அப்பச்சி கண்ணையாவும் ஆத்தா நாகம்மையும் என்னைப் பார்க்கவும் ஊர் பார்க்கவும் கப்பலேறி வந்தார்கள். எங்கள் செட்டியார் வீட்டுப் பெண்டுகள் கடல் தாண்டுவது அந்தக் காலத்தில் அபூர்வம். ஆத்தா தாண்டிவிட்டாள். அந்தக் குறைக்குப் பரிகாரமோ என்னவோ, மற்ற எல்லாச் சாத்திரத்தையும் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டாள். நாள் பார்க்காமல் வாசலைக்கூட மிதிக்கமாட்டாள்.

நான் அவர்களுக்கு அரண்மனையை வெளியிலிருந்து காட்டினேன். சிங்கப்பூர்ப் பாலத்தில் நடத்திக் கூட்டிப்போனேன். பொந்தியான் கடற்கரைக்குத் தை மாதம் போகலாம், அந்தக் கடல் நம் ஊர்ப் பக்கம் பார்த்தது என்று சொல்லிவைத்தேன். தை பிறப்பதற்குள் இங்கே ஜப்பான்காரன் குண்டு விழுந்துவிட்டது.

திரும்பிப் போகக் கப்பல் இல்லை. ஜப்பான்காரன் வந்த பிறகு ஜொகூர் பாருவில் அரிசியும் இல்லை. தெரிந்தவர் ஒருவரின் பூட்டிய கடைவீடு லாபிசில் இருந்தது. அங்கே போய் மாடியில் குடியிருந்தோம். நான் ஜப்பான் மொழிப் பள்ளியில் சேர்ந்தேன். படிக்கவந்தவன் ஏதோ ஒன்றைப் படித்தாக வேண்டுமே. அங்கம்மாதான் எங்களுக்கு மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்து கொடுப்பாள். ஆத்தாவின் சேலைகள் ஒவ்வொன்றாகக் கிழங்குக்குப் போயின.

1943இல் ஜப்பான்காரன் சயாம் காட்டில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஆள் பிடிப்பது தொடங்கியது. தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்கு வரும். ஆள் குறைந்தால் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி காளியப்பன் முதுகில் அடி விழும். அங்கம்மாவின் புருஷன் வேலுவின் பெயர் முதல் பட்டியலிலேயே இருந்தது. அவன் காட்டுக்குள் ஓடிவிட்டான். பத்து நாள் கழித்து அங்கம்மா தலைவிரி கோலமாக லயத்துக்கு வந்தாள். காய்ச்சலில் செத்துவிட்டான், என் கையாலேயே புதைத்துவிட்டு வந்தேன் என்று அழுதாள். எல்லோர் எதிரிலும் வளையலை உடைத்தாள், பொட்டை அழித்தாள், தாலியைக் கழற்றினாள். காளியப்பன் வேலுவின் பெயரைப் பட்டியலில் அடித்துவிட்டார். லயமே நம்பியது. நானும் நம்பினேன்.

அந்த ஆவணியில் அப்பச்சிக்குக் கடல் பார்க்கும் ஆசை மறுபடி வந்தது.

"ஊருக்குத்தான் போக முடியல. ஊர்ப் பக்கம் பாத்த தண்ணியையாவது பாத்துட்டு வருவோமே" என்றார்.

ஜப்பான் வாத்தியாரைப் பிடித்து மூன்று பேருக்கும் பிரயாண அனுமதி வாங்கினேன். ரயிலில் தெற்கே போய், அங்கிருந்து லாரி. புறப்பாடு வியாழக்கிழமை என்று தாளில் எழுதியிருந்தது. அதைக் கேட்டதும் ஆத்தா உட்கார்ந்துவிட்டாள்.

"வியாழக்கெழம தெக்க சூலம்டா. பெத்தவுகளக் கூட்டிக்கிட்டு அன்னைக்கா போவாக?"

"ஜப்பான்காரன் பஞ்சாங்கம் பாத்தா கையெழுத்துப் போடுறான் ஆத்தா?"

"அப்பப் பரஸ்தானம் வெச்சுருவோம்."

ஆகாத நாளில் பயணம் போக நேர்ந்தால், முந்தின நல்ல நேரத்தில் துணிமணியை மூட்டையாகக் கட்டி, போகிற திசையில் இன்னொரு வீட்டில் வைத்துவிடுவது எங்கள் வழக்கம். அத்தோடு பயணம் கிளம்பியாயிற்று என்று அர்த்தம். மறுநாள் போகும் வழியில் அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பயணம் போகாமல் அந்த மூட்டையைத் திரும்பத் தூக்கி வரக்கூடாது. வந்தால் போகிறவர்களுக்கு ஆகாது. புதன்கிழமை காலை ஆத்தா மூன்று பேர் துணியையும் கட்டி, முடிச்சில் மஞ்சள் தடவி, என்னையும் கூட்டிக்கொண்டு இரண்டு மைல் நடந்து லயத்துக்குப் போனாள். மூட்டையை அங்கம்மா வீட்டுச் சாமி மாடத்தடியில் வைத்தாள்.

வரும் வழியில் எனக்குச் சந்தேகம் தட்டியது. பரஸ்தானம் சுமங்கலி வீட்டில்தானே வைப்பார்கள்?

"அவ நெசமா தாலி அறுத்தவ இல்லடா" என்றாள் ஆத்தா, குரலைத் தாழ்த்தி. "போன வெள்ளிக்கெழம வெளக்கேத்துறப்பப் பாத்தேன். இடுப்புச் சுருக்குப்பையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. தாலி அதுக்குள்ளதான் இருக்கு. அவன் உசுரோட இருக்கான். தகடு உலத்துற புகைக்கூண்டுக்கு ரெண்டு வேளையும் கஞ்சி போவுது. நீ யார்கிட்டயும் வாயத் தெறக்காத."

ரப்பர் தகடு உலர்த்தும் அந்தக் கட்டடம் வேலை இல்லாமல் பூட்டிக் கிடந்தது. அதைத் திரும்பிப் பார்க்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது. ஆத்தாவின் கண்ணுக்குத் தெரிந்தது இன்னும் எத்தனை கண்ணுக்குத் தெரியும்?

அன்று மத்தியானம் அனுமதித் தாளில் இரண்டாவது கையெழுத்துப் போடக் காளியப்பன் எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் வீங்கியிருந்தது. அந்த வாரக் கணக்கில் ஓர் ஆள் குறைகிறது என்று அவரே சொன்னார். ஆத்தா அடுப்படியில் இருந்தாள். அப்பச்சி அவருக்குச் சர்க்கரையில்லாக் காப்பி கொடுத்து உபசரித்தார். பேச ஆள் கிடைத்தால் அப்பச்சியை நிறுத்த முடியாது.

காளியப்பன் தேதியைப் பார்த்தார். "வியாழக்கெழம தெக்கயா? ஆச்சி எப்படி ஒத்துக்கிட்டாங்க?"

"அதெல்லாம் பரஸ்தானம் வெச்சாச்சுல்ல" என்றார் அப்பச்சி பெருமையாக. "காலையிலயே கொண்டுபோய் அங்கம்மா வீட்டுல வெச்சுட்டு வந்துட்டா."

அப்பச்சிக்கு ஒன்றும் தெரியாது. ஆத்தா அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஊருக்கே தெரியும் என்று சொல்லவில்லை.

"எந்த அங்கம்மா?"

"நமக்குக் கெழங்கு கொடுக்குற புள்ளதான்."

காளியப்பன் கையெழுத்தைப் போட்டுத் தாளைத் தள்ளிவைத்தார். அவரும் தமிழர். அவர் வீட்டிலும் சாத்திரம் பார்க்கிற பெண்கள் உண்டு. பேனாவை மெதுவாக மூடினார்.

"ஆச்சி ரொம்ப ஆசாரமாச்சே" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி, அப்படித்தானே?"

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். இந்தப் பஞ்ச காலத்தில் ஆசாரமாவது ஒன்றாவது, கிட்டத்தில் வேறு வீடு இல்லை, அதனால் அங்கே வைத்தோம் என்று ஒரு பொய் போதும். வாய் வரவில்லை. அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "சரிலா, நல்லபடியா போயிட்டு வாங்க" என்று படியிறங்கினார்.

மணி மூன்றுதான் ஆகியிருந்தது. இருட்டுவதற்கு நிறைய நேரம் இருந்தது. ஓடியிருந்தால் அரை மணியில் லயத்துக்குப் போயிருப்பேன். ஆத்தாவிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போனது.

"மூட்டைய எடுத்துட்டு வந்துரவா ஆத்தா?"

"வெச்சதத் திருப்பி எடுத்துட்டு வரக்கூடாதுடா" என்றாள். அப்புறம், "நீ மட்டும் போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துரு" என்றாள்.

நான் படி வரை போனேன். லயத்துக்குப் போகிற வழியில், ரயில் கேட்டில் ஜப்பான் சிப்பாய் நின்றான். என் தாளில் இருந்தது நாளைத் தேதி. இன்று எங்கே போகிறாய் என்று கேட்டால்? காளியப்பன் பின்னாலேயே வந்தால்? அவர் ஒன்றும் கவனித்திருக்கமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பி மாடிக்கு வந்தேன். பயம்தான், வேறொன்றும் இல்லை. ஆத்தா என்னைப் பார்த்தாள். மறுபடி போகச் சொல்லவில்லை. பெற்ற மனது.

மறுநாள் விடிந்ததும் மூட்டையை எடுக்கப் போனோம். லயத்தில் ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை. புகைக்கூண்டின் கதவு மட்டும் திறந்து கிடந்தது.

அங்கம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. ஆத்தா அப்படியே நின்றுவிட்டாள்.

"இருட்டோட வந்தாங்க ஆச்சி" என்றாள் அங்கம்மா. "கிராணி மாடத்தடியில விளக்கப் புடிச்சு உங்க மூட்டைய நல்லா பாத்தாரு. அப்புறம் அக்கம்பக்கம் எல்லாத்தையும் தேடச் சொன்னாரு. கூண்டுல இருந்தவர இழுத்துட்டுப் போயிட்டாங்க. அது எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் எனக்குத் தெரியல."

ஆத்தா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மூட்டைய யாரும் தொடல ஆச்சி. எடுத்துக்குங்க. வண்டிக்கு நேரமாவுது."

நாங்கள் எடுத்துக்கொண்டோம். இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஸ்டேஷனில் வடக்கே போகிற சரக்கு வண்டி நின்றது. கம்பி போட்ட சின்ன சன்னலில் விரல்கள் தெரிந்தன. எவன் விரல் என்று நான் பார்க்கவில்லை.

பொந்தியான் கடல் சேறும் கலங்கலுமாகக் கிடந்தது. "நம்ம ஊரு எந்தப் பக்கம்டா?" என்று அப்பச்சி கேட்டார். கை காட்டினேன். ஆத்தா மூட்டையை மடியிலிருந்து இறக்கவுமில்லை, அவிழ்க்கவுமில்லை. சனிக்கிழமை மூன்று பேரும் பத்திரமாக வீடு திரும்பினோம். அங்கம்மா கிழங்கோடு வந்தாள்.

"கடலப் பாத்தீங்களா ஆச்சி?" என்றாள். ஆத்தா உள்ளே போய், கடைசியாக மிச்சமிருந்த பட்டுச்சேலையை எடுத்துவந்து அவள் கையில் திணித்தாள். "ரெண்டு கெழங்குக்கு இவ்வளவு எதுக்கு?" என்று அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

போர் முடிந்து அப்பச்சியும் ஆத்தாவும் ஊருக்குக் கப்பலேறினார்கள். நான் போகவில்லை. தோட்டத்துப் பள்ளியில் வாத்தியாராகிவிட்டேன். லயத்திலிருந்து சயாமுக்குப் போன நாற்பது பேரில் பதினோரு பேர் திரும்பினார்கள். வேலு இல்லை. ஆற்றோர முகாமில் செத்துப்போனான் என்று ஒருவன் சொன்னான். "நீ பாத்தியா?" என்று கேட்டாள் அங்கம்மா. பார்க்கவில்லை என்றான். "அப்பப் பேசாத" என்றாள். புருஷன் உயிரோடு இருந்தபோது அழித்த பொட்டை, அவன் போன பிறகு ஒருநாள்கூட அழிக்கவில்லை. இருபத்தெட்டு வருஷம்.

காளியப்பன் எங்கள் வீட்டில் காப்பி குடித்த கதையை நான் அவளிடம் சொல்லவில்லை. தினம் என் பள்ளி வாசலைத் தாண்டித்தான் போவாள். "சாப்ட்டீங்களா தம்பி?" என்பாள். சாப்பிட்டேன் என்பேன்.

1971இல் அங்கம்மா இறந்தாள். குளிப்பாட்டிக் கிடத்தியபின் பெண்களுக்குள் பேச்சு கிளம்பியது. வேலு செத்து வெகுகாலம் ஆகிறது, பொட்டு வைத்து அனுப்பலாமா கூடாதா? தீரவில்லை. பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி வெளியே வந்து என்னிடம் கேட்டாள்.

"வாத்தியாரே, நீங்க படிச்சவுங்க. சொல்லுங்க, அவ புருஷன் இருக்காரா இல்லையா?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். காளியப்பன் அன்று பார்த்த மாதிரியே இருந்தது.

"இருக்கான்" என்றேன். "குங்குமம் நிறைய வைங்க."