கடைசி பெஞ்சு மருமகள்

எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததுமே பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனால் எங்கள் பல்கலைக்கழகத்தில் என் ஆட்கள் பெயின்ட் அடிக்காத சுவர் ஒன்றைக் காட்டுங்கள், பார்க்கலாம். ஒற்றை பிரஷ்ஷோடு பிழைக்க வந்தவன், இன்று ஒரு கட்டடத்தை நின்று பார்த்தாலே எத்தனை டின் பிடிக்கும் என்று சொல்லிவிடுவேன். இதைச் சொல்லாமல் எனக்குப் பேச்சைத் தொடங்க வராது. சொல்ல வந்தது என் மூத்த மருமகளைப் பற்றி.

நூலகத்துக்குப் பின்னால், இளம்பச்சை அடித்த மாடியில் இருக்கிறது கற்பித்தல் மேம்பாட்டு மையம். நிறம் என் தேர்வு. பாடம் நடத்துகிறவர்கள் இன்னும் நன்றாக நடத்த உதவுவதுதான் அங்கே வேலை. மருமகள் சேர்ந்த புதிதில், "வாத்தியாருக்கே வாத்தியாரா? அப்ப உனக்கு யாரும்மா வாத்தியார்?" என்று சீண்டினேன்.

"நான் யாருக்கும் வாத்தியார் இல்ல மாமா. கடைசி பெஞ்சுல உக்காந்து பார்ப்பேன், அவ்வளவுதான்."

அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயர் கடைசி பெஞ்சு.

ஆசிரியர் கூப்பிட்டால்தான் போவாள். பருவத்தின் நடுவில் ஒருநாள் அவரை வெளியே அனுப்பிவிட்டு, படிக்கிறவர்களிடம் எது உதவுகிறது, எது தடுக்கிறது என்று கேட்பாள். பெரும்பாலோர் ஒப்புக்கொண்டதை, யார் சொன்னது என்று காட்டாமல், அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். துறைத்தலைவரே வந்து கேட்டாலும் வாய் திறக்கமாட்டாள். அவள் பிழைப்பே அந்த நம்பிக்கைதான்.

ஒரு மாலை அடுப்படியில் நின்றபடியே சொன்னாள். "ஒரு சார் மாமா. கேள்வி கேட்டா சிரிக்கிறார்னு கிளாஸே சொல்லுது. அதை எப்படி அவர்கிட்ட சொல்றது? அவருக்கு வேலையே இன்னும் நிரந்தரமாகல. என்கிட்ட பேசும்போதே பயந்து பயந்துதான் சிரிக்கிறார்."

பெயரைச் சொல்லவில்லை. நான் சும்மா இருப்பேனா? "என்னை ஒருத்தன் அப்படிச் சொல்லியிருந்தா அன்னிக்கே பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டிருப்பேன். அதை விடும்மா. மத்ததைச் சொல்லிட்டு வா."

அவளும் அப்படியே செய்தாள். போர்டில் எழுத்து சிறிதாக இருக்கிறது, வேகம் கொஞ்சம் அதிகம் என்று சொன்னாள். சிரிப்பை விட்டுவிட்டாள்.

சில வாரம் கழித்து அந்த ஆசிரியர் அவளை வழியில் நிறுத்தி, "இப்பல்லாம் யாருமே கேள்வி கேக்கறதில்லங்க. எல்லாருக்கும் புரியுது. எல்லாம் உங்களாலதான்" என்று கும்பிட்டிருக்கிறார். அவளுக்கு எங்காவது ஓடி ஒளியலாம் போல இருந்ததாம். மாடிப்படிக்கு வந்தால், அந்த வகுப்புப் பெண் ஒருத்தி எதிரே நிற்கிறாள்.

"மேடம், நாங்க சொன்னதை அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்மா." யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது.

"அப்போ தெரிஞ்சேதான் சிரிச்சிருக்காரு. அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் நாங்க கேள்வி கேக்கறதையே விட்டோம். நான் இந்தப் பாடத்தையே விட்டுடறேன் மேடம்."

அன்று வீட்டில் அவள் தட்டில் கையே வைக்கவில்லை. "மறைச்சதோட நிக்கல மாமா. பயத்துல சிரிக்கிற மனுஷனை, வேணும்னே சிரிக்கிறவரா ஆக்கிட்டேன்."

என் வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஊர்ச் சுவத்து விரிசலுக்கெல்லாம் பட்டி பூசி மறைக்கிறவர், இதுக்கும் பூசிட்டார்."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனேன்.

மறுநாள் காலை, மையத்து மாடிப்படிச் சுவரில் ஈரம் ஊறியதைப் பார்க்கவேண்டும் என்று சாக்குச் சொல்லி அவளோடு போனேன். அந்த ஆசிரியரை அறைக்கு அழைத்து அவள் சிரிப்பு விஷயத்தைச் சொன்னதைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். கேட்டதும் அவர் சிரித்தார். வறண்ட, சின்னச் சிரிப்பு. சட்டென்று நின்றது.

"இப்பவும் சிரிச்சேன், இல்ல?"

"ஆமா சார். அதோட, உங்ககிட்ட சொல்லிட்டேன்னு பசங்ககிட்ட பொய் வேற சொன்னேன். கிளாஸ்ல நானே வந்து சொல்றேன்."

அடுத்து அவருக்கு அந்த வகுப்புதான். "வாங்க" என்று எழுந்தார்.

வகுப்பு வாசலில், பெயின்ட்டைத் தடவிப் பார்ப்பவன் போல நின்றேன். அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். "நீங்க சொன்னதை நான் சார்கிட்ட சொல்லவே இல்ல. சொன்னேன்னு சொன்னது பொய். இன்னிக்குத்தான் சொன்னேன். அவர் மேல தப்பில்ல" என்றாள் என் மருமகள்.

"இனிமே எதை நம்பி மேடம் உங்ககிட்ட சொல்றது?" அந்தப் பெண்தான் கேட்டாள்.

 என் மருமகள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

பாடம் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் கையைத் தூக்கினாள். அவருக்கு உதடு துடித்தது. போர்டு பக்கம் திரும்பி ஒரு மூச்சு விட்டுவிட்டுத் திரும்பினார். "இன்னொரு தடவை கேளும்மா" என்றார். அவள் கேட்டாள். அவர் விளக்கினார். வகுப்பு முடியும்வரை அவள் எழுந்து போகவில்லை.

கலையும்போது எல்லோரும் கடைசி பெஞ்சைத் தாண்டித்தான் போனார்கள். ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மையத்துக்குத் திரும்பிப் படியேறும்போது, "அன்னிக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்மா" என்றேன். வாழ்க்கையில் யாரிடமும் நான் இப்படிச் சொன்னதில்லை.

"நீங்க சொன்னதால இல்ல மாமா. எனக்கும் அதுதான் வசதியா இருந்துச்சு."

ஈரம் ஊறிய சுவர் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்க்காமலேயே வந்துவிட்டேன்.